முப்பத்தோராவது பதிவு

நூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது.
'நான்' எங்கும் வரக் கூடாது.
சுருக்கம், முறை, குறை, நம் ஆய்வுக்குப் பயன்.
என் முதல் வரைவின் தலைமாட்டில்
பென்சிலால் எழுதித் தந்தார் வேதவல்லி மேடம்.

தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியறை.
கீழே கண்டக்டர்கள் ஊர்களை ஏலம் விடுகிறார்கள்:
பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம்.
மேசையில் அதே ஊர்கள்
சத்தமில்லாமல், அட்டவணை இரண்டில்,
லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று.

ஆழ்குழாய் நீரில் ஃபுளோரைடு.
கல்யாண வீடுகளில் கேட்டால்
'தண்ணி பத்தி' என்று சொல்லிவைப்பேன்.
'குடிக்கவே இல்ல, இதுல படிக்க வேறயா?' என்பார்
இலை எடுக்கும் சித்தப்பா.

முப்பது முடிந்துவிட்டது.
மழைக்கு முன்னும் பின்னும் போய்
இரண்டு முறை நீர் எடுத்தவர்கள் சிலர்.
பாறையோடு நின்றுகொண்டவர்கள் பலர்,
ஆள்வரைக்கும் வரவில்லை.
ஒன்பதாவதும் பதினான்காவதும் ஒரே கட்டுரை,
தலைப்பை மாற்றி இரண்டு இதழுக்கு விற்றிருக்கிறார்கள்.
மரியாதையாகத்தான் எழுதினேன்:
'முடிவுகள் வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகின்றன.'

முப்பத்தொன்று.
மேகநாதன், கோ. 2004.
சேலத்தில் பட்டத்துக்காக எழுதிய பல்மருத்துவ ஆய்வேடு,
அச்சேறாதது.
தீர்த்தகிரி ஸ்கேன் செய்து அனுப்பினான்,
பாதிப் பக்கம் சாய்வாக, ஓரத்தில் அவன் கட்டைவிரல்.
பாலக்கோடு பக்கம் ஐந்து பள்ளிகள்,
நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள்.

பக்கம் 58. படம் 7.
மூக்குக்கு மேலே வெட்டப்பட்டது,
மோவாய்க்குக் கீழேயும்.
கையுறை விரல் இரண்டு உதட்டை விலக்கிப் பிடித்திருக்கிறது.
சுண்ணாம்புக் கோடுகள், மேலே டீக்கறைத் திட்டு.
இடது முன்பல்லில் மூலை இல்லை.
'கடுமை நிலை. மாதிரி எண் 203. பெண். வயது 10.'

அந்த மூலை
ரேஷன் கடைப் படியில் உடைந்தது.
மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

'ஈ சொல்லு பாப்பா' என்றார்.
சொன்னேன்.
முடிந்ததும் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய்.
பல் டாக்டர் மிட்டாய் தருகிறாரே என்று
வகுப்பே சிரித்தது, நானும்,
கையைக் குறுக்கே வைக்காமல்.

சுருக்கம் எளிது.
முறை: குறுக்குவெட்டு ஆய்வு,
நீர் மாதிரி பள்ளித் தொட்டியிலிருந்து.
குறை...
பள்ளித் தொட்டியில் யார் குடித்தார்கள்?
அதில் பல்லி கிடந்ததென்று
தூக்குப்போசியில் வீட்டுத் தண்ணீர் கொண்டுபோனோம்,
மாந்தோப்பு போரில் பிடித்தது.
அவர் அளந்தது நாங்கள் குடிக்காத தண்ணீர்.
டைப் செய்தேன்:
'மாதிரிகள் வீட்டில் குடித்த நீர் எதுவெனக்
கேட்கப்படவில்லை.'

மேடம் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார்.
ஆதாரம்?
இருக்கிறது மேடம், பக்க எண்தான் இல்லை.
ஆசிரியர் பெயர் எழுதலாம், ஆண்டு எழுதலாம்,
வெளியீட்டாளர் என்ற இடத்தில் என்ன போடுவது?

போரைப் பற்றிய வரியை அழித்தேன்.
திரும்ப எழுதினேன்.
நூற்று எழுபத்திரண்டு சொல்.
'கணிசமான', 'குறிப்பிடத்தக்க',
'என்பது ஈண்டு நோக்கத்தக்கது' எல்லாம் போனது.
203 போகவில்லை.
நூற்று நாற்பத்தொன்பதில் நின்றது.

பயன்:
'நேரடித் தொடர்புடையது.'

கதவு தட்டுகிறார் கேன்காரர்.
முப்பத்தஞ்சு ரூபாய், சில்லறையா இருந்தா நல்லது.
வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டே
'உள்ள வெச்சிடுங்கண்ணா' என்கிறேன்.
அகரவரிசையில் அடுத்தது
ர.